கிடா விருந்துக்குப் பிறகு நாய் வெளிக்குப் போகவில்லை. இசப்கோலா, பரங்கிக்காயா?

கருப்பன்_வீடு | செவ்வாய், காலை 7.10

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கருப்பனுக்கு ஆறு வயது. ஆண், நாட்டு நாய், 18 கிலோ. ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு. இலையில் மிஞ்சிய எலும்பையெல்லாம் பிள்ளைகள் பை நிறையக் கட்டிக்கொண்டு வந்து அவனுக்கே போட்டுவிட்டார்கள். இரவு வெகுநேரம் கடித்துக்கொண்டே இருந்தான்.

நேற்றுக் காலை கொஞ்சம் போனான். சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்திருந்தது, குச்சியால் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. குந்துகிறான், முதுகை வளைத்து முக்குகிறான், நாலடி நடந்து மறுபடியும் குந்துகிறான். இன்று விடியற்காலையில் கொஞ்சம் சளி மட்டும் வந்தது. சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டான். வாந்தி இல்லை.

வீட்டில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். உலர்ந்த திராட்சையை வெந்நீரில் ஊறப்போட்டுப் பிசைந்து கொடு, பிள்ளைகளுக்கெல்லாம் அதில்தான் போனது என்கிறார் ஆத்தா. தம்பி இசப்கோல் (தண்ணீரில் ஊறவைக்கும் நார்ச்சத்து உமி) வாங்கி வைத்திருக்கிறான். பக்கத்து வீட்டு அக்கா பரங்கிக்காயை வேகவைத்துக் கொடுக்கச் சொல்கிறார். எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது?

தேனி_லட்சுமி | செவ்வாய், காலை 7.21

தம்பி, திராட்சையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஆத்தாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

திராட்சை நாய்க்கு விஷம். பச்சையோ கறுப்போ, பழமோ உலர்ந்ததோ, எதையுமே கொடுக்கக் கூடாது. உலர்ந்ததில் நீர் வற்றிப்போவதால் அதே எடைக்கு விஷம் கூடுதல். அது சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. ஒரு நாய் பத்துப் பழம் தின்றும் நன்றாக இருக்கும், இன்னொரு நாய்க்கு அதற்குக் குறைவாகவே ஆபத்தாகிவிடும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று யாராலும் அளவு சொல்ல முடியாது. 2021இல் அமெரிக்காவில் விலங்குகளுக்கான நச்சுக் கட்டுப்பாட்டு மையத்து மருத்துவர்கள், திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அந்த அமிலம் புளியிலும் நிறைய இருக்கிறது. அதனால் புளிச்சோறு, ரசம் கலந்த சோறு இதெல்லாமும் நாய்த் தட்டுக்குப் போகவே கூடாது.

நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு மலம் இறுகினால் முதலில் கை போவது திராட்சை டப்பாவுக்குத்தான். அன்பினால்தான் கொடுக்கிறார்கள். அதனால்தான் இதை எங்கே பார்த்தாலும் ஓடிவந்து சொல்கிறேன்.

கருப்பன்_வீடு | செவ்வாய், காலை 7.34

அக்கா, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். கிண்ணத்தில் ஊறப்போட்டே வைத்திருந்தார்கள். கீழே ஊற்றிவிட்டோம். ஆத்தாவுக்கு முகமே மாறிவிட்டது. எத்தனையோ தடவை அவனுக்குப் பாயசத்துத் திராட்சை போட்டிருக்கிறேனே என்கிறார்.

சிப்பி_கோவில்பட்டி | செவ்வாய், காலை 8.02

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சிப்பிப்பாறை வேட்டை நாய் வளர்க்கிறோம். எல்லாம் எலும்பு தின்று வளர்ந்தவைதான். இதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான பால் கொடுங்கள், இரண்டு கரண்டி நெய் விடுங்கள், மாலைக்குள் போய்விடும். இசப்கோல், பரங்கிக்காய் எல்லாம் நகரத்து வைத்தியம்.

ரோசி_வீடு | செவ்வாய், காலை 8.40

இசப்கோல் பற்றி என் அனுபவம். யாரும் இந்தத் தப்பைச் செய்துவிடக் கூடாது என்று எழுதுகிறேன்.

எங்கள் ரோசி ஸ்பிட்ஸ், ஆறு கிலோதான். போன வருடம் இரண்டு நாள் போகவில்லை. மனிதர்களுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று பெட்டியில் போட்டிருந்தது. நான் அதே ஒரு மேசைக்கரண்டியை உலர்ந்த தீவனத்தின் மேல் அப்படியே தூவிவிட்டேன். தண்ணீரில் கரைக்கவில்லை. தின்றுவிட்டாள். அன்றைக்குப் பார்த்து அவள் தண்ணீரும் அதிகம் குடிக்கவில்லை. மறுநாள் வயிறு கல் போல ஆகிவிட்டது. டாக்டர் கையுறை போட்டு விரலால் எடுத்தார். ஈரமே இல்லாமல், காய்ந்த மைதாப் பசையை உருட்டி வைத்தது போல வந்தது. அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இசப்கோல் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். நாம் தண்ணீர் கொடுக்காவிட்டால் குடலில் இருப்பதை இழுத்துக்கொள்ளும். இப்போது கால் தேக்கரண்டிதான் கொடுக்கிறேன். அதுவும் அரை டம்ளர் தண்ணீரில் ஊறிக் கஞ்சி பதத்துக்கு வந்த பிறகுதான்.

கால்நடை_நாமக்கல் | செவ்வாய், காலை 9.15

கருப்பன் வீட்டாருக்கு. நான் கால்நடை மருத்துவர். நாயைப் பார்க்காமல் மருந்து சொல்ல முடியாது. ஆனால் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள், அவசரமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா? இதை முதலில் கேட்கக் காரணம் இருக்கிறது. சிறுநீர் அடைத்த நாயும் இதே போலத்தான் முக்கும். மலச்சிக்கல் என்று நினைத்து வீட்டில் பூசணிக்காய் கொடுத்துக்கொண்டே இரண்டு நாளைக் கடத்தி, பிறகு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். காலைத் தூக்கினால் நல்ல தாரை வருகிறதா என்று நீங்களே கூடப் போய் நின்று பாருங்கள்.

வயிற்றை மெதுவாகத் தொட்டால் இழுத்துக்கொள்கிறானா, முனகுகிறானா? எலும்பைத் தவிர வேறு ஏதாவது விழுங்கினானா? விருந்து வீடு என்றால் மல்லிகைப்பூச் சரம், வாழைநார், பிளாஸ்டிக் பை, இந்தப் பருவத்தில் மாங்கொட்டை. ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறானா? டிரமடால் போன்ற வலி மாத்திரைகள், அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரைகள், இரும்புச்சத்து மருந்து இவையெல்லாம்கூட மலத்தை இறுக்கும்.

பின்புறத்தில் நூலோ நாரோ தொங்கினால் இழுக்காதீர்கள். அதன் மறுமுனை உள்ளே குடலில் எங்காவது மாட்டியிருந்தால், இழுக்கும்போது குடலை அறுத்துவிடும்.

கருப்பன்_வீடு | செவ்வாய், காலை 9.50

டாக்டர், கூடவே போய்ப் பார்த்தேன். சிறுநீர் நன்றாகப் போகிறது, மஞ்சள் கொஞ்சம் அதிகம். வயிற்றின் பின்பக்கம் தொட்டால் திரும்பிப் பார்க்கிறான், கடிக்க வரவில்லை. மாத்திரை எதுவும் இல்லை. பூச்சரம் தின்றதாகத் தெரியவில்லை. தண்ணீர் நேற்றிலிருந்து குறைவாகத்தான் குடிக்கிறான். ஈறு கொஞ்சம் பிசுபிசு என்று இருக்கிறது.

கால்நடை_நாமக்கல் | செவ்வாய், காலை 10.20

சரி. இன்றைக்கே அருகில் உள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விடுங்கள். போகும் வரை நார்ச்சத்து எதுவும் வேண்டாம். இசப்கோலும் வேண்டாம், பரங்கிக்காயும் வேண்டாம். தண்ணீர் மட்டும் வையுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். பெருங்குடலின் முக்கிய வேலை தண்ணீரை உறிஞ்சுவது. மலம் எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறதோ அவ்வளவு தண்ணீர் போய்விடும். காய்ந்தால் நகராது, நகராவிட்டால் இன்னும் காயும். எலும்பு தின்ற நாயில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. எலும்பின் சதைப்பற்று செரித்துவிடும், சுண்ணாம்பு செரிக்காது. நீங்கள் பார்த்த வெள்ளைப் பொடி அதுதான். அது சிமென்ட் மாதிரி இறுகும், நடுவில் கூரான சில்லுகள் இருக்கும். முக்கும்போது அவை ஆசனவாயைக் கீறுவதால், வலிக்குப் பயந்து நாய் அடக்கத் தொடங்கும்.

இந்த நிலையில் மேலிருந்து நார்ச்சத்தைக் கொடுத்தால் அது எங்கே போகும்? முன்னால் கதவு சாத்தியிருக்கிறது. பின்னால் கூட்டம் சேரும், அவ்வளவுதான். நார்ச்சத்து மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும், இலேசாக இறுகியதை இளக்கும். அடைத்ததை உடைக்காது. அடைப்பை எடுத்துவிட்டுத்தான் நார்ச்சத்தைத் தொடங்க வேண்டும்.

மேலே பால், நெய் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதியாகும். அந்தப் பேதி கட்டியைச் சுற்றி வழிந்து வெளியே வரும், கட்டி உள்ளேயே இருக்கும். வீட்டார் போய்விட்டது என்று நிம்மதியாகிவிடுவார்கள். சிலர் பேதி நிறுத்தும் மாத்திரையும் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். நெய்யை மொத்தமாக ஊற்றினால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கும். விளக்கெண்ணெய், திரவ பாரஃபின் போன்றவற்றை வாயில் ஊற்றும்போது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும்.

ரோசி_வீடு | செவ்வாய், காலை 10.31

டாக்டர், மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கும் எனிமா பாட்டில் இருக்கிறதே, அதை வீட்டிலேயே போடலாமா?

கால்நடை_நாமக்கல் | செவ்வாய், காலை 10.45

கூடாது. கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் பாஸ்பேட் உப்பு இருக்கும். அது குடல் வழியாக இரத்தத்தில் ஏறினால் பாஸ்பரஸ் கூடி, கால்சியம் விழும். சிறிய நாய்க்கும் பூனைக்கும் உயிருக்கே ஆபத்து. சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு எதையும் உள்ளே விடாதீர்கள். அங்கே ஏற்கெனவே கீறல் இருக்கும்.

சிப்பி_கோவில்பட்டி | செவ்வாய், மதியம் 12.05

டாக்டர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எலும்பே கூடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் தாத்தா காலத்தில் நாய்க்குத் தனியாக உணவு என்று ஒன்று கிடையாது. முயல் வேட்டைக்குப் போய்வந்தால் குடலும் தலையும் எலும்பும்தான் அதற்குக் கூலி. எந்த நாயும் முக்கி நான் பார்த்ததில்லை.

தேனி_லட்சுமி | செவ்வாய், மதியம் 12.40

அண்ணா, நீங்கள் சொன்ன அந்த நாய் வெறும் எலும்பை மட்டும் தின்னவில்லை. தலையின் ரோமம், தோல், குடலுக்குள் இருந்த புல் எல்லாம் சேர்ந்து உள்ளே போனது. அதுதான் அதற்கு நார்ச்சத்து. காட்டில் பத்து மைல் ஓடியது, கண்மாயில் தண்ணீர் குடித்தது. கருப்பனுக்குப் போனது வெந்த எலும்பு மட்டும், அதுவும் ஒரே இரவில் ஒரு பை. வெந்த எலும்பு சில்லுசில்லாக உடையும் என்பது பிரியாணி தின்னும் நமக்கே தெரியும். அப்புறம் மறுநாள் முழுக்கக் கட்டிப்போட்ட நாய்.

பழைய வளர்ப்பில் நல்லது இருந்தது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்த வளர்ப்பில் எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட்டத்தையும் மற்றதையும் விட்டுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

சிப்பி_கோவில்பட்டி | செவ்வாய், மதியம் 1.15

இதை நான் யோசித்துப் பார்த்ததில்லை. வெந்த எலும்பு பற்றி நீங்கள் சொல்வது சரிதான். ஓட்டம் பற்றிச் சொன்னது அதைவிடச் சரி.

கருப்பன்_வீடு | செவ்வாய், இரவு 9.30

போய்வந்துவிட்டோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் இடுப்பெலும்புக்கு முன்னால் பெருங்குடல் முழுக்க வெள்ளையாக, ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி மத்தாப்பைப் படுக்கவைத்தது போலத் தெரிந்தது. எல்லாம் எலும்புத்தூள் என்றார் டாக்டர். முதலில் குளுக்கோஸ் மாதிரி நரம்பில் திரவம் ஏற்றினார்கள், இரண்டு மணி நேரம். உடம்பில் தண்ணீர் இல்லாமல் எனிமா கொடுத்துப் பயனில்லையாம். அப்புறம் லேசாக மயக்க ஊசி போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரும் வழவழப்புக்கு ஜெல்லும் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு பாதாம்பருப்பு அளவுச் சில்லு ஒன்று வந்தது, அதன் ஓரம் உடைந்த ஓடு போல இருந்தது. அதைப் பார்த்ததும் என் மகன் அழுதுவிட்டான். பையைக் கட்டிக்கொண்டு வந்தவன் அவன்தான்.

மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் ஐந்து நாளைக்கு எழுதியிருக்கிறார். இரண்டு நாள் நீர்ச்சோறும் கோழிக்கறி வேகவைத்த தண்ணீரும் மட்டும். அதற்குப் பிறகு நார்ச்சத்து சேர்க்கலாம் என்றார். எப்படிச் சேர்ப்பது என்று இங்கே அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அவனுக்கு இதுவரை தினசரிச் சாப்பாடு வெள்ளைச் சோறு, தயிர், ஞாயிறு கறி.

கணக்கு_டீச்சர் | செவ்வாய், இரவு 10.50

பிள்ளை நலமாகட்டும். சோறும் தயிரும் என்று படித்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. என் இரண்டு நாய்களுக்காக ஒரு நோட்டில் இந்தக் கணக்கையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.

வேகவைத்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு நார்ச்சத்து அரை கிராம்கூட இல்லை. தயிரில் சுத்தமாக இல்லை, கறியிலும் இல்லை. ஆக, கருப்பனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிராம் கிடைத்திருந்தாலே அதிகம்.

இப்போது பரங்கிக்காய். இணையத்தில் எல்லோரும் ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று எழுதுகிறார்கள். அது அமெரிக்காவில் டப்பாவில் வரும் கெட்டியான விழுதின் அளவு. அதில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் நார்ச்சத்து இருக்கும். நாம் வீட்டில் வேகவைக்கும் பரங்கிக்காய் நீர் அதிகம் உள்ளது, 1 கிராம்தான் தேறும். அவர்களுடைய ஒரு கரண்டிக்கு நமக்கு மூன்று கரண்டி. இல்லாவிட்டால் ஆவியில் வேகவைத்து, மசித்து, அடுப்பில் வைத்து நீர் சுண்டும் வரை கிளற வேண்டும். நான் அல்வாவுக்குக் கிளறுவது போலக் கிளறுவேன், சர்க்கரை இல்லாமல்.

இசப்கோல் உமியில் எடையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நார்ச்சத்து. ஒரு தேக்கரண்டி உமி இரண்டு கிராமுக்குள்தான் நிற்கும். அதிலேயே ஒரு கிராமுக்கு மேல் கிடைத்துவிடும். அதாவது ஒரு தேக்கரண்டி இசப்கோலும் ஒரு கிண்ணம் வெந்த பரங்கிக்காயும் கிட்டத்தட்ட ஒன்று. இது தெரியாமல் இரண்டையும் கரண்டிக்குக் கரண்டி மாற்றிப் போட்டால்தான் ரோசிக்கு நடந்தது நடக்கும்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகவைத்தது 100 கிராமுக்கு இரண்டரை கிராம். பீன்ஸ் மூன்று. கேழ்வரகு மாவு பதினொன்று, ஆனால் கூழாக்கினால் தண்ணீர் சேர்ந்து குறையும். ஓட்ஸ் பத்து.

தண்ணீர்: ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 மில்லி. 18 கிலோவுக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூழிலும் சோற்றிலும் உள்ள தண்ணீரும் அதில் சேரும். வெயில் காலத்தில் இன்னும் வேண்டும்.

கால்நடை_நாமக்கல் | புதன், காலை 6.40

டீச்சர், அருமை. என் கிளினிக் சுவரில் ஒட்டிவைக்கலாம் போலிருக்கிறது.

ஒன்றைச் சேர்க்கிறேன். நார்ச்சத்தில் இரண்டு குணம் உண்டு. தண்ணீரைப் பிடித்து வழவழப்பாகும் வகை இசப்கோலிலும் ஓட்ஸிலும் அதிகம். தவிடு, காய்கறித் தோல் போன்றவற்றில் உள்ளது கரையாத வகை. அது மலத்தின் கனத்தைக் கூட்டிக் குடலைத் தள்ளவைக்கும். நீர் வற்றிய நாய்க்குத் தவிட்டைப் போட்டால் இன்னும் இறுகும். அதனால் தொடக்கத்தில் வழவழப்பு வகை, அதுவும் ஊறவைத்து.

இசப்கோல் அளவு: பத்து கிலோவுக்குள் இருக்கும் நாய்க்குக் கால் முதல் அரை தேக்கரண்டி, கருப்பன் போன்றவனுக்கு அரையில் தொடங்கி ஒன்று, பெரிய நாய்க்கு ஒன்றிலிருந்து இரண்டு, சாப்பாட்டோடு. நான்கு நாளுக்கு ஒரு முறை கூட்டிப் பாருங்கள். எதுவும் சேர்க்காத வெறும் உமியாக வாங்குங்கள். ஆரஞ்சுச் சுவை, சர்க்கரை இல்லாதது என்று போட்டவற்றில் செயற்கை இனிப்பு இருக்கும். சைலிடால் என்ற இனிப்பு நாய்க்குச் சர்க்கரை அளவை விழவைத்து ஈரலையும் கெடுக்கும். வேறு மாத்திரை கொடுப்பதாக இருந்தால் இசப்கோலுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சேராது.

காய்கறியை உங்கள் பொரியலிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கும், இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்.

பொன்னி_லாப் | புதன், காலை 8.15

இந்த இழையை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நார்ச்சத்தைப் பற்றி நல்லதாகவே பேசுகிறீர்கள், நானும் அதை நம்புகிறவன். ஆனால் எங்கள் வீட்டில் அதுவே நாலு மாதம் உண்மையை மறைத்தது. அதைச் சொல்லாமல் போக மனமில்லை.

எங்களிடம் பொன்னியும் அவள் அண்ணன் முத்துவும். முத்து லாப்ரடார், ஒன்பது வயது, கருத்தடை செய்யவில்லை. போன ஆடியில் முக்க ஆரம்பித்தான். பரங்கிக்காய் கொடுத்தேன், மலம் இளகியது, போனான். இரண்டு வாரம் கழித்து மறுபடியும். மறுபடி பரங்கிக்காய், அளவைக் கூட்டினேன். இப்படியே நாலு மாதம். நடுவில் ஒன்றைக் கவனித்தேன், ஆனால் அதற்கு அர்த்தம் தெரியவில்லை. மலம் உருண்டையாக இல்லாமல் ரிப்பன் போலத் தட்டையாக வந்தது. கார்த்திகையில் ஒரு நாள் சிறுநீரோடு இரத்தச் சொட்டு. அப்போதுதான் ஓடினேன்.

டாக்டர் கையுறை போட்டு உள்ளே விரலை விட்டுப் பார்த்ததும் சொல்லிவிட்டார், புராஸ்டேட் சுரப்பி வீங்கி மலக்குடலை மேலே அழுத்துகிறது என்று. வயதான, கருத்தடை செய்யாத ஆண் நாய்களுக்கு இது சகஜமாம். விதை நீக்க அறுவை செய்தோம். சில வாரங்களில் சுரப்பி சுருங்கிவிட்டது, முக்கலும் நின்றது. நான் கொடுத்த பரங்கிக்காயில் தப்பில்லை. இடுக்கான வழியில் இளகின மலம் போனதால், வழி இடுக்காக இருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை.

கருப்பனுக்கு ஆறு வயது ஆண் என்று எழுதியிருந்ததால் சொல்கிறேன். அடுத்த தடவை போகும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கருப்பன்_வீடு | புதன், காலை 8.50

நேற்றே பார்த்துவிட்டார் அண்ணா, வீக்கம் இல்லை என்றார். ஆனால் கருத்தடை பற்றி அவரும் பேசினார். முத்து இப்போது எப்படி இருக்கிறான்?

பொன்னி_லாப் | புதன், காலை 9.05

வாசல் திண்ணையில் படுத்துக்கொண்டு பால்காரருக்கு வாலாட்டிக்கொண்டிருக்கிறான்.

கால்நடை_நாமக்கல் | புதன், மதியம் 2.10

பொன்னி வீட்டார் எழுதியதை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். ஒரு தடவை வந்து போன மலச்சிக்கலுக்குக் காரணம் சாப்பாட்டில் இருக்கும். திரும்பத் திரும்ப வந்தால் காரணம் உடம்பில் இருக்கிறது. புராஸ்டேட், ஆசனவாய்க்குப் பக்கத்துப் பைகளில் சீழ், பின்புறக் குடலிறக்கம், பழைய விபத்தில் உடைந்து கோணலாகச் சேர்ந்த இடுப்பெலும்பு, தைராய்டு குறைவு, சிறுநீரக நோய், எல்லாமே முக்கலாகத்தான் தெரியும். பெருங்குடல் நெடுநாள் விரிந்து தளர்ந்துபோன நாய்க்கு நார்ச்சத்தைக் கூட்டுவதே கெடுதல். தள்ளுவதற்குத் தசையில் வலு இருக்காது, மலத்தின் கனம் மட்டும் கூடும்.

முடி நீளமான நாய்களுக்கு ஒரு முறை வாலைத் தூக்கிப் பாருங்கள். ஸ்பிட்ஸ், ஷிட்சு போன்றவற்றில் முடியும் மலமும் சேர்ந்து அடை கட்டி வாசலையே மூடியிருக்கும். நார்ச்சத்து எதற்கு, கத்தரிக்கோல் போதும். கத்தரிக்கோலையும் தோலுக்கு ஒட்டி வைக்காமல் பார்த்து.

வயதான நாய் என்றால் தரையைப் பாருங்கள். மூட்டுவலி உள்ள நாய் வழுக்கும் டைல்ஸ் தரையில் குந்த முடியாமல் அடக்கும். ஒரு சணல் சாக்கை விரித்துப் போட்டதும் சரியான நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

புதுக்குட்டி_ஈரோடு | புதன், மாலை 5.30

எங்களிடம் இரண்டு மாதக் குட்டி. நேற்றுக் காலையிலிருந்து போகவில்லை. இதே இசப்கோல் அளவில் பாதி கொடுக்கலாமா?

கால்நடை_நாமக்கல் | புதன், மாலை 5.42

வேண்டாம். வளர்ந்த நாய் நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடிக்கொண்டிருந்தால் இரண்டு நாள் வரை பார்க்கலாம். வாந்தி, வயிறு உப்பல், சோர்வு, இரத்தம் இதில் ஒன்று சேர்ந்தாலும் காத்திருக்கக் கூடாது. குட்டிக்கு அந்த இரண்டு நாளே கிடையாது, சீக்கிரம் நீர் வற்றிவிடும். இப்போதே காட்டுங்கள்.

புதுக்குட்டி_ஈரோடு | புதன், இரவு 8.55

காட்டினோம் டாக்டர். பொருட்காட்சியில் வாங்கிய ரப்பர் பொம்மையின் காதைத் தின்றிருக்கிறது. வாந்தி எடுக்கவைத்ததில் வெளியே வந்துவிட்டது. வயிற்றிலேயே இருந்ததால் தப்பித்தது என்றார்கள். நன்றி, நன்றி.

கருப்பன்_வீடு | அடுத்த செவ்வாய், இரவு 9.15

ஒரு வாரம் ஆகிறது, கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை தொடங்கினோம். காலையில் கேழ்வரகுக் கூழ், தண்ணீராகவே. உப்பு இல்லை. அதில் அரை தேக்கரண்டி இசப்கோலைப் பத்து நிமிடம் முன்பே முக்கால் டம்ளர் தண்ணீரில் ஊறவைத்துக் கலப்போம். கரண்டியைத் தூக்கினால் வழவழவென்று நூலாக இழுக்கும், அதுதான் பதம் என்று ஆத்தா கண்டுபிடித்துவிட்டார். இரவில் சோறு பாதி, சர்க்கரைவள்ளிக் கிழங்கோ பீன்ஸோ கால் பங்கு, மீதி எலும்பில்லாத கோழி. கோழி வேகவைத்த தண்ணீரை ஊற்றிக் குழைவாகப் பிசைவோம்.

சாப்பிட்டு இருபது நிமிடத்தில் நடத்திக் கூட்டிப்போகிறேன். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் குடல் அசையத் தொடங்கும் என்று எங்கள் டாக்டர் சொன்னார். உண்மைதான், மூன்றாவது மின்கம்பம் தாண்டுவதற்குள் இடம் தேட ஆரம்பித்துவிடுகிறான்.

ஒரு சிக்கல். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாலைந்து தடவை போனான், பெரிய பெரிய குவியலாக, வாயுவும் நாற்றமும் தாங்கவில்லை. அளவு அதிகமா?

கணக்கு_டீச்சர் | அடுத்த செவ்வாய், இரவு 9.40

கூட்டிப் பார்த்தால் அதிகம்தான் தம்பி. கேழ்வரகும் கிழங்கும் இசப்கோலும் ஒரே நாளில் சேர்ந்துவிட்டன. இரண்டு கிராமில் இருந்த குடல் ஒரே தாவலாக ஏழெட்டுக்குப் போனால் திணறத்தான் செய்யும். இசப்கோலைக் கால் தேக்கரண்டியாக்குங்கள், கூழை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுங்கள். லாக்டுலோஸ் நிறுத்திவிட்டீர்களா?

கருப்பன்_வீடு | அடுத்த செவ்வாய், இரவு 9.44

ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது டீச்சர். அப்படியானால் அதுவும் சேர்ந்து இளக்கியிருக்கிறது. குறைக்கிறேன்.

கருப்பன்_வீடு | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 7.05

இப்போது இசப்கோலை நிறுத்தியே எட்டு நாள் ஆகிறது. கூழும் கிழங்கும் தண்ணீரும் போதுமானதாக இருக்கிறது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. பழுப்பு நிறம், உருண்டையாக, காகிதத்தில் எடுத்தால் உடையாமல் வருகிறது. தண்ணீர்ச் சட்டி இரண்டாகிவிட்டது, ஒன்று வாசலில், ஒன்று கிணற்றடியில்.

நேற்று மாமா வீட்டுக் காதுகுத்து. பந்தியில் மிஞ்சிய எலும்பை ஒருவர் பையில் போட்டு என் மகனிடம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஈரல் இரண்டு துண்டு வாங்கிக் கழுவி, மசாலா போகத் துடைத்து, சட்டைப்பையில் இலையில் சுற்றிக் கொண்டு வந்தான். ஆத்தா திராட்சை டப்பாவை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார்.

தேனி_லட்சுமி | ஞாயிறு, காலை 7.20

தங்கப்பிள்ளை. கறி சமைத்த மசாலாவில் வெங்காயம் இருந்திருக்கும், துடைத்தாலும் போகாது. அடுத்த முறை சமைக்காத ஈரலைக் கேட்டு வாங்கிவந்து வீட்டில் வேகவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கருப்பனுக்கு என் அன்பு.